டென்மார்க்கில் பேசுகிற இங்கிலீஷ்

கல்முனைக்குடி
14.01.2024

மதிப்புக்குரிய சிவரூபினி அன்ரிக்கு,

ஸலாம் சொல்லித் தொடங்குவதா, வணக்கம் சொல்லித் தொடங்குவதா என்று யோசித்தே தாள்களை வீணாக்கிவிட்டேன். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆகிலா. நீங்கள் டென்மார்க்கிலிருந்து அனுப்பிய சிறுவர் புத்தகங்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஜவுபர் மாமா தன் நெல் ஸ்டோருக்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து எங்களுக்குத் தந்திருக்கிறார். உங்கள் அண்ணன் புண்ணியமூர்த்தி மாமா பாண்டிருப்பிலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். மழைக்குப் புத்தகம் ஒன்றும் நனையவில்லை. பெட்டிகளை நெல் மூட்டைகளுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன். எல்லாம் மிக நல்ல புத்தகங்கள்.

வட்ஸ்அப் எங்கள் வீட்டில் காக்காவின் போனில் மட்டும்தான் இருக்கிறது. அண்ணன் என்ற உரிமையில் அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் பகிடி பண்ணுவார். அதனால்தான் கடிதம்.

அன்ரி, ஒன்று கேட்கலாமா? நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உம்மா குவைத்துக்குப் போனபோது தம்பிமாரைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. இங்கிலீஷில் நான் எப்போதும் பின்வரிசைதான். ஆகவே புத்தகங்கள் விளங்காதது என் குறை. ஆனால் 'பார்ன்' என்ற சொல்லுக்கு அகராதியில் களஞ்சியம் என்று இருக்கிறது, படத்திலோ ஒரு குழந்தை நிற்கிறது. பல கதைகள் 'டெர் வர் எங்காங்' என்று தொடங்குகின்றன, அகராதியில் டெர் என்று ஒரு சொல்லே இல்லை. பாடசாலை இங்கிலீஷ் வேறு, வெள்ளைக்காரர்களின் சொந்த இங்கிலீஷ் வேறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. ஓ எழுத்தின் நடுவே பல இடங்களில் ஒரு கோடு கீறியிருக்கிறது. உங்கள் பிள்ளைகள் சின்னதில் கீறியிருப்பார்கள் என்று அழிறப்பரால் தேய்த்தேன். தாள்தான் தேய்ந்தது. பிறகு பார்த்தால் எல்லாப் புத்தகத்திலும் அதே கோடு. அச்சுப் பிழையா?

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வருவார்கள். நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஓதப்பள்ளியில் நாங்கள் குர்ஆனை அப்படித்தான் ஓதிப் பழகினோம். முதலில் நாக்குப் பழக வேண்டும், கருத்துப் பிறகு வரும். இவர்களும் பக்கம் பக்கமாகப் பாடமாக்கிவிட்டார்கள். கருத்தைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. படத்தைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகச் சொல்கிறேன்.

நேரம் கிடைத்தால் அந்தச் சொற்களின் அர்த்தத்தை எழுதுங்கள். நேரமில்லை என்றால் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆகிலா


ஹேர்னிங், டென்மார்க்
09.02.2024

அன்புள்ள ஆகிலாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்துப் பிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள், அது இங்கிலீஷ் இல்லை. டெனிஷ். இங்கே பேசுகிற பாஷை. எழுத்துத்தான் இங்கிலீஷைப் போல இருக்கும். 'பார்ன்' என்றால் குழந்தை. 'டெர் வர் எங்காங்' என்றால் நாங்கள் 'ஒரு ஊரிலே' என்று தொடங்குவோமே, அது. கோடு கீறிய ஓ இவர்களுடைய தனி எழுத்து. அதை நீங்கள் அழிறப்பரால் தேய்த்தீர்கள் என்று வாசித்தபோது சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

ஜவுபர் நானாவிடம் நான் போனில் தெளிவாகச் சொன்னேன், இது டெனிஷ், பிள்ளைகள் படம் பார்க்கட்டும் என்று. "அதுக்கென்ன தங்கச்சி, அனுப்புங்க" என்றார். அவர் உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இருந்தேன்.

நான் இங்கே ஒரு நூலகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். பழைய சிறுவர் புத்தகங்களை அவர்கள் கழித்து ஒதுக்குவார்கள், அவை கடதாசி ஆலைக்குப் போகும். எழுத்தை எறியக் கூடாது, காலில் படக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கண்ணுக்கு முன் குவிந்து கிடக்கும்போது மனம் கேட்கவில்லை. என் வீட்டில் கிடந்தவற்றையும் சேர்த்து அனுப்பினேன். யாருக்கு விளங்கும் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்து வாசிக்கிற படத்தை அண்ணன் அனுப்பியிருந்தார். அதை நூலகத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இலங்கையில் எங்கள் புத்தகத்தை வாசிக்கிறார்கள் என்று எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். நேற்று அந்தச் சுவரைத் துடைக்கும்போது நான் படத்தைப் பார்க்காமல் துடைத்தேன்.

இனி இங்கிலீஷ் புத்தகம் தேடுகிறேன். உங்கள் பதில் வந்ததும் ஜவுபர் நானாவுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

அன்புடன்,
சிவரூபினி


கல்முனைக்குடி
02.03.2024

அன்புள்ள அன்ரி,

தயவுசெய்து போன் எடுக்க வேண்டாம். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. நான் மொக்கு இல்லை என்ற சந்தோஷம். தேத்தண்ணி ஆற்றுகிற நேரம்கூட அது நிற்கவில்லை.

ஏனென்றால் இது இங்கிலீஷ் புத்தக அறை என்று ஜவுபர் மாமா பள்ளிவாசல் மைக்கில் அறிவித்தவர். அதைக் கேட்டுத்தான் தாய்மார் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் சத்தமாகச் சொல்கிறார்கள், தாய்மார் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கேட்க வைக்கிறார்கள். கடைக்குப் போனால் என்னை 'மிஸ்' என்கிறார்கள். இதுவரை என்னை யாரும் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் சுவரோரமாக நடக்கிறவள்.

பாஹிமா மாமி என்று ஒருவர். கணவர் கட்டாரில். மகள் றஸ்னா மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். றஸ்னா ஒரு முழுப் புத்தகத்தையும் பார்க்காமலே சொல்வாள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகிற புத்தகம். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் அவளுடைய மேசையில் சாப்பிடுவார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிறாள் என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆடு எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். மேசைக்கு அடியில் நிற்கிறது, துணி மறைக்கிறது என்று சொன்னேன். ஒவ்வொரு நாளும் அந்த மேசைத் துணியை விரலால் தூக்கப் பார்க்கிறார்கள்.

இப்போது என்ன நடக்கப்போகிறது என்றால், நோன்புப் பெருநாள் கழிய ஒரு சனிக்கிழமை நஸீம் சேரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை வாசிக்கவைக்க ஜவுபர் மாமா ஏற்பாடு செய்கிறார். நஸீம் சேர் இங்கிலீஷ் ஆசிரியர். முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் போனில் சொன்னால், ஜவுபர் மாமா மைக்கில் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அவர் கோபித்து அறையைப் பூட்டினால் அதற்குள் மறுபடி நெல்தான் அடுக்குவார்கள். நான் வீட்டுக்குள் போய்விடுவேன். அதன் பிறகு என்னை வெளியே வரச் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

நான் ஏதாவது யோசிக்கிறேன். அதுவரை சொல்ல வேண்டாம்.

ஆகிலா


ஹேர்னிங்
24.03.2024

அன்பான மகள் ஆகிலா,

போன் எடுக்கவில்லை. உனக்காகத்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லதென்று நான் நினைக்கவில்லை. (உன்னை நீ என்று எழுதுகிறேன், பிழையாக எடுக்காதே. என் மகளைவிட நீ சின்னவள்.)

அந்த மஞ்சள் கோட்டுப் புத்தகம் நூலகத்துப் புத்தகம் இல்லை. அது என் மகள் சுஜித்தாவுடையது. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது எனக்கும் டெனிஷ் வாசிக்கத் தெரியாது. வந்து சில வருடம்தான். பாஷை வகுப்புக்குப் போனாலும் ஒன்றும் நாக்கில் நிற்காது. மற்றத் தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்து வாசிப்பதைப் பார்த்து நானும் வைத்துக்கொள்வேன். வாசிப்பதைப் போல விரலை ஓட்டி, தமிழில் என் வாயில் வந்ததைச் சொல்வேன். அந்தப் பெண் தன் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறாள், கடைசிப் பக்கம் கலியாணச் சாப்பாடு. அதுதான் என் கதை. சுஜித்தா விழுந்து விழுந்து கேட்பாள்.

பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்த பிறகு ஒரு நாள் அவளே அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து, "அம்மா, இதில கலியாணமே இல்ல" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். எனக்குத் தெரியாது என்று முதலே சொல்லியிருந்தால் அவள் எனக்கு வாசித்துக் காட்டியிருப்பாள். அந்த வயதில் பிள்ளைகளுக்கு அது பெருமை.

உண்மையான கதை என்ன என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். றஸ்னாவோ அந்தச் சேரோ கண்டுபிடிக்க முதல் நீயே சொல்லிவிடு. ஆட்டுக் கதையை அவர்கள் மன்னிப்பார்கள். நீ சொல்லாமல் விட்டதை மன்னிக்கமாட்டார்கள்.

சிவரூபினி


கல்முனைக்குடி
16.04.2024

அன்ரி,

பெருநாள் முடிந்தது. வருகிற 27ஆம் திகதி சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. கதிரைகளை வாடகைக்குச் சொல்லிவிட்டார்கள். நஸீம் சேருக்குப் போட ஒரு பொன்னாடைகூட வாங்கியாகிவிட்டது.

நீங்கள் எழுதியதைப் பல தடவை வாசித்தேன். கோபம் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அந்தத் தெருவில் உங்களை யாருக்கும் தெரியாது. எங்கள் வளவில் ஒரு வீட்டில் கறி கருகினால் அடுத்த தெருவில் கதைப்பார்கள். நான் இங்கேயே இருக்க வேண்டும். நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களும் இந்த ஊரில்தான் விசாரிப்பார்கள்.

புத்தகம் அனுப்பியது நீங்கள், மைக்கில் சொன்னது ஜவுபர் மாமா. பேச்சுக் கேட்க மட்டும் நான்.

சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நஸீம் சேர் அப்போதும் வருவார். பிள்ளைகள் நான் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். அவ்வளவு நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

ஆகிலா


ஹேர்னிங்
21.04.2024

அன்பான மகள்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன கடிதத்தில் நான் கூடக் கதைத்துவிட்டேனோ என்று இருக்கிறது. பெருநாள் முடிந்திருக்குமே, அந்தச் சனிக்கிழமை என்றைக்கு?

இன்று காலை ஜவுபர் நானாவின் இலக்கத்துக்கு எடுத்தேன். மணி அடித்தது. அவர் எடுக்க முதல் வைத்துவிட்டேன். சொன்னாலும் உனக்குத் தீமை, சொல்லாவிட்டாலும் தீமை. இரண்டு மனதாக இருக்கிறேன்.

நான் எழுதியதை எல்லாம் விட்டுவிடு. உனக்கு எது சுகமோ அதைச் செய். இந்தக் கடிதம் உனக்கு நேரத்துக்குக் கிடைக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

சிவரூபினி


கல்முனைக்குடி
05.05.2024

அன்புள்ள அன்ரி,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. எல்லாம் முடிந்த பிறகு.

நான் படுக்கவில்லை, போனேன். தாய்மார் எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பைப் போட்டுக் கூட்டிவந்திருந்தார்கள். ஜவுபர் மாமா நீளமாகப் பேசினார். பிறகு பிள்ளைகள் எழுந்து 'டெர் வர் எங்காங்' என்று தொடங்கினார்கள். நஸீம் சேர் தலையைச் சரித்துக் கேட்டார். றஸ்னாவின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தைப் பார்த்தார், முன்னட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தண்ணீர் கொடுக்கிற சாட்டில் கிட்டப் போனேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "இது இங்கிலீஷ் இல்லையே புள்ள. பரவால்ல, நான் ஒண்டும் சொல்லல."

அன்ரி, அவர் அப்படியே செய்தார். எழுந்து, பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்கள், உச்சரிப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்துடன் நான் தப்பியிருந்தேன்.

அப்போதுதான் பாஹிமா மாமி எழுந்தார். றஸ்னாவைக் காட்டி எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "இவளுக்கு இங்கிலீஷ் டியூசன நிப்பாட்டிட்டன் சேர். இஞ்சயே போதுந்தானே?"

நஸீம் சேர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போனாரோ தெரியாது. நான் முந்திவிட்டேன். சொல்ல வேண்டி வந்தால் என்று எழுதி வைத்துப் பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை. "நிப்பாட்டாதீங்க மாமி. இது இங்கிலீஷ் இல்ல. டென்மார்க்குப் பாஷை. எனக்கு இதுவும் தெரியா, இங்கிலீசும் தெரியா" என்றேன்.

நெல் ஸ்டோரில் புறாக்கள் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு பிள்ளையின் தாய் நதீரா மாமி, "அப்ப எங்கட புள்ளையள் இவ்வளவு நாளும் என்னத்தக் கத்தினதுகள்?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புப் பரவியது. ஜவுபர் மாமா எழுந்து நின்று, உண்மையாகவே புரியாத முகத்தோடு, "டென்மார்க்கில பேசுற இங்கிலீஷ் எண்டுதான் நான் நெனச்சன். நம்மட ஆக்கள் பேசுற இங்கிலீஷ் வேற மாதிரி இல்லையா, அப்படி" என்றார். அதைக் கேட்டுச் சிரிப்பு இன்னும் கூடியது. எனக்கு அது உதவியாக இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பாஹிமா மாமி மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டார்ல இரிக்கிற இவள்ட வாப்பாவ போன்ல கேக்க வெக்கிற. அவர் தன்னோட வேல செய்ற ஆக்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினவர். என்ட மகள் இங்கிலீஷ் வாசிக்காள் எண்டு" என்றார். பிறகு றஸ்னாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவளுடைய ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இன்னும் அறையில்தான் இருக்கிறது.

பொன்னாடையை நஸீம் சேருக்குப் போடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அறையைப் பூட்டவில்லை. பூட்டப்போவதில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பாதிக்கு மேல் வரவில்லை. கடைப்பக்கம் நான் போகவில்லை. அங்கே என்னை இப்போது 'டெர் வர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று தம்பி வந்து சொன்னான்.

நீங்கள் மணி அடித்துவிட்டு வைத்தது நல்லது. முந்தி எழுதிய கோபத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகிலா


ஹேர்னிங்
26.05.2024

அன்பான மகள் ஆகிலா,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன் என்று எழுத மாட்டேன், நீ பயந்துவிடுவாய். 'டெர் வர்' என்று கூப்பிடுகிறார்கள் என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இது நான் கட்டி அனுப்பிய பெட்டியால் வந்தது. நூலகத்தில் தலைமை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். படத்தைக் கழற்றுவார் என்று நினைத்தேன். "அப்படியானால் பிள்ளைகள் இத்தனை நாளும் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். பாடமாக்கினார்கள் என்றேன். அவர் வெகுநேரம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. இதைப் பற்றி என்ன நினைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலீஷ் புத்தகம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் இனி ஒன்றும் அனுப்பமாட்டேன்.

இன்னொரு விஷயம். சுஜித்தா இப்போது கொப்பன்ஹேகனில் வேலை செய்கிறாள். அவளுக்கு போன் எடுத்து, அந்த மஞ்சள் கோட்டுப் பெண் எதற்காகக் கதவைத் தட்டினாள் என்று கேட்டேன். "எந்த மஞ்சள் கோட்டு?" என்றாள். நான் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். பிறகு அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கதையைச் சொன்னாள். அவளுடைய தமிழ் கல்லும் முள்ளுமாக இருக்கும், நான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக் கடிகாரம் நின்றுவிடுகிறது. மணி என்ன என்று கேட்கப் போகிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மணி சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று சண்டை வருகிறது. எல்லோருக்கும் பசிக்கிறது. பசித்தால் சாப்பாட்டு நேரம்தானே என்று அவள் எல்லோரையும் கூட்டிவந்து சாப்பாடு போடுகிறாள். அவ்வளவுதான் கதை.

முடிவில் சுஜித்தா, "உங்கட கலியாணம் நல்லா இருந்திச்சு அம்மா" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

சிவரூபினி


கல்முனைக்குடி
13.06.2024

அன்புள்ள அன்ரி,

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. தெருவெல்லாம் மாடு கட்டியிருக்கிறார்கள். நான் கடைக்குப் போகிறேன். கூப்பிடுகிறவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள், ஆனால் முந்தியளவு இல்லை.

மணிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மணி கேட்கவா இவ்வளவு தூரம் நடந்தாள் என்றார்கள். "அந்த ஊரில பள்ளியில பாங்கு சொல்ற இல்லையா ராத்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இப்போது அவரவர் படத்தைப் பார்த்துத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள், நான் அதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். தாங்கள் சொன்னதையே எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். தமிழில்தான். இது படிப்பா என்று நதீரா மாமி கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்வது எனக்குப் பழகிவருகிறது.

நேற்று அஸருக்குப் பிறகு பாஹிமா மாமி வந்தார். றஸ்னாவும் கூட வந்தாள். மாமி உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"இங்கிலீஷ் புத்தகம் வந்திரிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி. வந்தாலும் படிச்சிக் குடுக்க எனக்குத் தெரியா."

"அது ஊருக்கே தெரியும்" என்றார். றஸ்னாவை மறுபடி டியூசனில் சேர்த்துவிட்டதாகவும், டியூசன் இல்லாத நாட்களில் இங்கே விடச் சொல்லித் தன் தலையைத் தின்கிறாள் என்றும் சொன்னார். றஸ்னா அதற்குள் உள்ளே போய்ப் பாயில் இருந்துவிட்டாள்.

மாமி போகவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவருக்கு நான் இன்னும் சொல்லல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம இவள் அதையே சொல்லிக்கிட்டிருக்காள், அவரும் சந்தோசமாக் கேட்டுக்கிட்டிருக்கார். என்ட வாயால ஏலாது. நீயே சொல்லு." கேட்காமலே இலக்கத்தை அழுத்திப் போனை என் கையில் தந்துவிட்டார்.

போனைக் காதில் வைத்தேன். கட்டாரிலிருந்து றஸ்னாவின் வாப்பா ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அங்கே ஏதோ இயந்திரம் ஓடுகிற இரைச்சல் இருந்தது. அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. மாமி என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப அதில என்ன கதைதான் இரிக்கி?" என்று றஸ்னாவின் வாப்பா கேட்டார்.

எந்தக் கதையைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டையா, கலியாணத்தையா, கடிகாரத்தையா. போனை றஸ்னாவிடம் கொடுத்தேன். அவள் புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊரில ஒரு பொம்புள இரிந்தா, வாப்பா" என்று தொடங்கினாள். இந்த மூன்று கதையில் ஒன்றும் இல்லை. நான் இதுவரை கேட்டிராத ஒன்று. அந்தப் பெண் முதல் கதவைத் தட்டியதும் றஸ்னா நிறுத்தினாள்.

போனில் அவர் "ம்" என்றார். அது வாசலில் நின்ற மாமிக்கும் கேட்டது. றஸ்னா பக்கத்தைப் புரட்டினாள்.

ஆகிலா